குய்க்கா வீட்டுக் கூரை

ரைலி ஹூத்தினன் என்ற பெண்மணிக்கு நான் ஒன்பது வருடம் துரோகம் செய்தேன். தெரியாமல் செய்ததுதான். தெரியாமல் மிதித்தால் மட்டும் வலிக்காமல் போகுமா? அவரைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்கலாம். வேறு யாரும் எழுதப் போவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. தம்பெரே நகரத்தின் தெற்குக் கோடியில், ஹெர்வந்தாவில், ஏழாவது மாடியில் வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருட வேலை. வியாழக்கிழமை தோறும் நானூறு பிள்ளைகளுக்குப் பட்டாணி சூப் காய்ச்சி, பான்கேக் சுட்டுப் போடுவார். மகள் ஹென்னாவுக்கு மூன்று வயது ஆனபோது ஸ்வீடனுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். ரைலி அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. மகளை ஒண்டி ஆளாக வளர்த்தார்.

பேச்சில் படு சிக்கனம். எங்கள் ஊரில் எல்லோருமே அப்படித்தான். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் நின்றால் நடுவில் ஒரு பசுமாட்டைக் கட்டலாம், அவ்வளவு இடம் விட்டு நிற்போம். அடுத்தவர் சங்கதியில் மூக்கை நுழைக்காதே என்பதுதான் எங்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டிய பாடம். அந்தப் பாடம் நாசமாய்ப் போக! இவ்வளவும் அதனால்தான் வந்தது.

சுவந்தோ என்று ஓர் இணைய விளையாட்டு. ஹெல்சிங்கியில் ஒரு நிறுவனம் இருபத்திரண்டு வருடமாக நடத்தியது. ஏரி, காடு, மீன், கரடி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நடமாடுவார்கள். மனை வாங்கலாம், வீடு கட்டலாம், மீன் விற்கலாம், ஆசைப்பட்டால் வெட்டிக்கொண்டு சாகவும் செய்யலாம். நான் வம்புக்குப் போகிற ஆள் இல்லை. என் பெயர் எஸ்கோ. கட்டடங்களுக்குச் சூடு கொடுக்கிற வெந்நீர்க் குழாய்களைப் பழுது பார்ப்பது பிழைப்பு. பகலெல்லாம் நிலவறையில் குழாயோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் சுவந்தோவில் படகு ஓட்டுவேன். அதற்குள் என் பெயர் மெலா.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. வீட்டுக் கூரையில் பாசி வளரும். ஒரு வாரத்தில் பச்சைப் புள்ளி தெரியும், இரண்டு மாதத்தில் மெத்தை போலத் தடித்துவிடும், தொண்ணூறாம் நாள் வீடு பொலபொலவென்று விழுந்து மனை வேறொருவருக்குப் போய்விடும். வீட்டுக்காரரோ, சாவி வைத்திருப்பவரோ வந்து கதவைத் திறந்தால் போதும், பாசி அந்த நொடியே மறைந்து கூரை புதிதாகிவிடும். ஆளில்லாத வீடுகள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்று வைத்த விதி. கூரையைப் பார்த்தே ஆள் வருகிறதா இல்லையா என்று எங்களில் யாரும் சொல்லிவிடுவோம்.

என் மனைக்கு அடுத்த மனை குய்க்கா என்கிறவருடையது. குய்க்கா என்றால் ஏரியில் முங்கி முங்கி மீன் பிடிக்கிற ஒரு பறவை. நீலக் கதவு, வாசலில் கவிழ்த்துப் போட்ட படகு. நிஜத்தில் அது ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று நான் கேட்டதே இல்லை. ஐந்து வருடம் பக்கத்து வீடு, பேசியதெல்லாம் மீன் விலை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம், குய்க்கா என் வாசலுக்கு வந்தது. பேச்சு எழுத்தாகத் திரையில் விழுந்தது.

"மெலா, இந்தச் சாவிய வெச்சுக்கோ. வீட்டக் கொஞ்சம் பாத்துக்கோ."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல. நூலகத்துல உக்காந்து அடிக்கிறேன், என் நேரம் முடியப் போவுது. சொந்தக் கம்ப்யூட்டர் இப்ப இல்ல."

"சரி."

சரியாம் சரி! ஏன் போகிறாய், என்ன ஆச்சு, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டேனா? அந்த 'சரி'யை நினைத்தால் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. குய்க்கா அதற்கப்புறம் வரவே இல்லை.

சொன்ன வாக்கை மட்டும் காப்பாற்றினேன். மாதம் ஒருமுறை போய் நீலக் கதவைத் திறப்பேன், மூடுவேன். உள்ளே கால் வைத்ததில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளத்தானே சொன்னது, வீட்டுக்குள் பார்க்கச் சொல்லவில்லையே.

அந்த வருடம் கோடையில் ஒரு கிழவன் வந்து சேர்ந்தான். நரைத்த தாடி, முதுகில் மூட்டை, பெயர் கெலோ. நடக்கவே தெரியவில்லை, மரத்துக்கு மரம் முட்டிக்கொண்டான். ஒரு தரம் நேராக ஏரிக்குள் நடந்து மூழ்கியே போனான். ஆனாலும் விடவில்லை. வாராவாரம் வியாழன் சாயங்காலம் குய்க்கா வீட்டுக் கவிழ்த்த படகுக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். மீன் பிடிக்க மாட்டான், யாரோடும் பேச மாட்டான். ஒரு மணி நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவான். நான் கை தூக்குவேன், அவனும் தூக்குவான். அவ்வளவுதான் எங்கள் சிநேகம். பாவம், கிழவனுக்கு இந்த வீட்டின் மேல் ஏதோ பிரியம், பாசி ஏறினால் மனசு சங்கடப்படுவான் என்று நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கதவைத் திறக்க ஆரம்பித்தேன். புண்ணியம் செய்கிறேனாம்!

இந்த வருடம் ஆகஸ்டில் நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்தது. சுவந்தோவின் வருங்காலம் பற்றிப் பேசக் கூட்டம், தம்பெரேயில், ஒரு வாடகை மண்டபத்தில். நூறு பேருக்கு மேல் வந்திருந்தோம். வாசலில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்து, விளையாட்டுப் பெயரைச் சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மேடையில் ஓர் இளைஞன், வெயில் காலத்தில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நின்றான்.

"இது முடிவு இல்லீங்க, பயணம் தொடருது," என்று ஆரம்பித்தான். வீட்டை இடிக்க வந்தவன் இனிமேல் நல்லா காத்து வரும் என்றானாம், அந்தக் கதைதான். விஷயம் இதுதான்: பழைய சுவந்தோவை அக்டோபர் முப்பத்தொன்று மாலை ஆறு மணிக்கு மூடப் போகிறார்கள். 'இரண்டாம் சுவந்தோ' என்று புதிதாக ஒன்று தயாராகிறது. அது வர இன்னும் இரண்டு வசந்தம் ஆகும். பழைய வீடு, படகு, மீன் எதுவும் அதற்குள் வராது. பெயர் மட்டும் வரும். பழைய கடவுச்சொல்லைப் போட்டு, அவரவர் பெயரை நவம்பர் மாதம் முழுக்கப் பதிந்துகொள்ளலாம். மிச்சப் பெயர்களை டிசம்பர் முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். யார் முந்துகிறாரோ பெயர் அவருக்கு.

கூட்டம் கொதித்தது. எங்கள் ஊரில் கூட்டம் கொதித்தால் நாலு பேர் பெருமூச்சு விடுவார்கள், ஒருவர் நாற்காலியைச் சத்தமாக நகர்த்துவார்.

"பத்தொம்பது வருஷமா சேத்த மீனு," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். "அத என்ன பண்றது?"

"அந்த நினைவுகள நாங்க ரொம்ப மதிக்கிறோம்."

"நினைவ வறுத்தா திங்க முடியும்? நல்லா சொன்னே போ!"

சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து நின்றார். குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் பள்ளிக்கூடச் சமையலறை அடையாள அட்டை, கையில் காகிதக் கோப்பை. காப்பி விரலில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. சட்டையில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கெலோ.

"எனக்கு விளையாடத் தெரியாது," என்றார். "மீனு வேணாம், புது ஊரும் வேணாம். அங்க ஒரு வீடு இருக்கு. என் மக வீடு. அவ எங்கிட்டப் பேசி ஒம்பது வருஷம் ஆச்சு. எங்க இருக்கான்னு தெரியாது. ஆனா அந்த வீட்டுக்கு வந்து போயிட்டிருக்கா. கூரை எப்பவும் சுத்தமா இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கதவத் தொறக்கிறா. அவ உசுரோட இருக்கான்னு எனக்குத் தெரியுறது அது ஒண்ணாலதான். நீங்க மூடிட்டா நான் எதப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது? எல்லாத்தையும் மூடுங்க. அந்த ஒரே ஒரு வீட்ட மட்டும் ஒரு ஓரமா விட்டு வைக்க முடியாதா?"

மேடையில் இருந்தவன் தொப்பியைத் தொட்டுக்கொண்டான். "உங்க கருத்தக் குறிச்சுக்கிட்டோம்," என்றான்.

இரண்டு வாரத்துக்கு ஒருக்கா கதவைத் திறந்தது நான். ஒன்பது வருடமாக அந்தத் தாய்க்குப் பிள்ளை உயிரோடு இருப்பதாகச் சேதி அனுப்பிக்கொண்டிருந்தது என் சுட்டுவிரல். சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், மறைக்க மாட்டேன். கூரையைச் சுத்தமாக வைத்து அக்டோபர் வரைக்கும் ஓட்டிவிடலாம், அந்த அம்மாளும் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. ஆனால் அதற்கு மேல்? அக்டோபருக்குப் பிறகு பொய் சொல்லக் கூட ஒரு கூரை இருக்காது.

பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். பசுமாட்டு இடைவெளியை விட்டு நின்றேன். பிறகு ஓரடி முன்னால் போனேன். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"நான் பக்கத்து மனைங்க. மெலா."

"அட, கை தூக்குற ஆளா நீ?" முகம் மலர்ந்தது. "நீ எப்பவாச்சும் அவளப் பாத்திருக்கியா? எந்நேரத்துக்கு வரா? நான் வியாழக்கிழம மட்டும்தான் வரேன், ஒரு தரம் கூட..."

"அவங்க வரலீங்க. சாவி எங்கிட்ட இருக்கு. போகும்போது குடுத்துட்டுப் போனாங்க. கதவத் தொறந்தது நான்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்த நேரத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"எல்லாத் தடவையுமா?"

"ஆமாங்க."

"ஒரே ஒரு தடவ கூட அவ இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. போன கிறிஸ்துமஸ் சமயத்துல? பனிக்காலத்துல ஒரு தரம் பச்சையே இல்லாம இருந்துச்சே?"

"நான்தாங்க."

"அடப்பாவி," என்றார். சத்தமாகக் கூட இல்லை. "கூரை சுத்தமா இருந்த ராத்திரியில எல்லாம் நான் நிம்மதியாத் தூங்கினேன்டா. செத்துக் கிடந்தாளோ, பட்டினி கிடந்தாளோ, நான் பாட்டுக்குத் தூங்கியிருக்கேனே! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நீ? பத்தடி தூரத்துல நின்னியே, ஒம்பது வருஷம்!"

"நீங்களும் கேக்கலியேங்க," என்றேன். என் நாக்கில் இடி விழ, அந்த நேரத்தில் அதைத்தான் சொன்னேன்.

ஹெர்வந்தாப் பேருந்து வந்தது. ஏறி, என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தார்.

அடுத்த மூன்று வியாழக்கிழமையும் கெலோ வரவில்லை. கவிழ்த்த படகுப் பக்கம் வெறிச்சென்று கிடந்தது. நான்காவது வியாழன் வேலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹெர்வந்தாப் பள்ளிக்கூடங்களில் ஒவ்வொன்றாகச் சமையலறைக் கதவைத் தட்டினேன். மூன்றாவதில் இருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"குழாயப் பாக்க வந்தேன்," என்றேன்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு. உக்காரு." ஒரு கிண்ணம் பட்டாணி சூப் கொண்டுவந்து தட்டென்று வைத்தார். சூப்பில் கலக்கக் கடுகு விழுதுக் குப்பியையும் தள்ளினார். "தின்னு. திட்டி முடிச்சுட்டேன். ஒன்னைய இல்ல, என்னைய."

அன்றைக்குத்தான் சொன்னார். கைகள் பாட்டுக்கு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

"அவளுக்கு இருபத்திரெண்டு வயசு. படிப்ப விட்டுட்டா. எந்நேரமும் அந்தச் சுவந்தோதான். சொல்லிச் சொல்லி என் தொண்டத் தண்ணி வத்திப் போச்சு. எங்க கட்டடத்துக்கு அடியில ஆவிக் குளியலுக்கு சௌனா இருக்குல்ல, எங்களுக்கு வெள்ளிக்கிழம ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும் முற. எப்பவும் ரெண்டு பேரும் சேந்துதான் போவோம். அன்னிக்குத் தலவலின்னு பொய் சொன்னேன். அவ கீழ போனதும், பழைய சாமான் எடுக்கிறவன வரச் சொல்லியிருந்தேன், அவன் வண்டியில கம்ப்யூட்டர ஏத்திட்டேன். நல்லதுக்குன்னுதாம்பா செஞ்சேன். ரெண்டு நாள் அழுவா, அப்புறம் படிக்கப் போவான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"வந்தா. தலையில துண்டு. மேசையப் பாத்தா, என்னையப் பாத்தா. கத்துவான்னு தயாரா நின்னேன், பதில் எல்லாம் மனசுக்குள்ள கோத்து வெச்சிருந்தேன். கத்தல. துண்ட மடிச்சு நாற்காலி மேல போட்டா, கோட்ட மாட்டினா. வெளிய மைனஸ் இருபது. ஈரத் தல. தொப்பிய எடுத்துக்கோடின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. வீம்பு, சொல்லல. ஈரத் தலையோட எவ்வளவு தூரம் போயிடுவான்னு இருந்துட்டேன்." அண்டா தேய்ப்பது நின்றது. "போயிட்டாப்பா."

ஒரு மாதம் கழித்துப் போலீஸ்காரர்கள் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்களாம்: ஆள் நலம், வயது வந்தவள், இருக்குமிடத்தைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அதோடு கதவு மூடியது. மகள் தோளுக்குப் பின்னால் நின்று எத்தனையோ தடவை பார்த்த நீலக் கதவு ஞாபகம் வந்து, ரைலி தானே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, விளையாட்டில் சேர்ந்து, நாலு மாதம் காட்டில் தடுமாறி அந்த வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"ஏங்க கெழவன் வேஷம்?"

"நான்னு தெரிஞ்சா அவ அந்த வீட்டுக்கும் வராமப் போயிடுவாளே. அவளத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான்."

தொந்தரவு பண்ணக் கூடாது! மகள் ஒருவேளை வந்தே இருந்தாலும் தாயைத் தாண்டித்தான் போயிருப்பாள், யாரோ ஒரு கிழவன் என்று.

மகளுக்கு ஒரு கடிதமாவது சேர்ப்பிக்கும்படி நிறுவனத்துக்கு எழுதினோம். தனிப்பட்ட விவரங்களைக் காக்கும் பொறுப்பு தங்களுக்கு உண்டு என்று மரியாதையாகப் பதில் வந்தது. இன்னொரு தடவை எழுதினோம். அதே பதில், கையெழுத்து மட்டும் வேறு. வீட்டைத் திறந்து உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். "கடைசி நாள் வரைக்கும் அவ வீடு அது," என்றார் ரைலி. "ஒருவேள மூடப் போறாங்கன்னு கேள்விப்பட்டு வந்தா? வரட்டும். காத்திருப்போம்." செப்டம்பர் போயிற்று. அக்டோபர் போயிற்று. இப்போது தினமும் படகுக்கு அந்தப் பக்கம் கெலோ, இந்தப் பக்கம் நான். ஒருவரும் வரவில்லை.

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி ஐந்து மணிக்கு என் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆணியில் ஒரு பச்சைக் கம்பளித் தொப்பி மாட்டியிருந்ததைப் பார்த்தேன். யாருடையது என்று கேட்கவில்லை. சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம்.

அன்றைக்குச் சுவந்தோ முழுக்க ஆட்கள். ஏரிக்கரையில் நெருப்பு மூட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் வழக்கம்போல யாரும் இல்லை. ஐந்தே முக்காலுக்கு ரைலி தலையை ஆட்டினார். நான் நீலக் கதவைத் திறந்தேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கெலோ படி ஏறி உள்ளே போனான்.

ஒரு கட்டில். ஒரு மூட்டை பார்லி. கொடியில் எட்டுக் கருவாடு. உடைந்த துடுப்பு ஒன்று. அவ்வளவுதான்.

"கட்டிலுக்கு அடியில பாரு," என்றார்.

"அடியிலல்லாம் பாக்க முடியாதுங்க. இது வெறும் படம்."

"பாருன்னா பாரு! ஏதாவது எழுதி வெச்சிருப்பா. துண்டுச் சீட்டு ஏதாவது."

பார்லி மூட்டையைப் பிரித்தேன். கருவாட்டைக் கழற்றினேன். துடுப்பைத் திருப்பினேன். சீட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ரைலி திரையைக் கையால் தடவினார், தூசியைத் துடைப்பது போல. அந்த அம்மாள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆறுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, ஒன்பது வருடத்தில் ஒரு வார்த்தை பேசாத கெலோ பேசினான். ரைலி ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். யாருமில்லாத அந்த வீட்டுக்குள் கிழவன் தலைக்கு மேல் எழுத்து வந்தது: "தொப்பிய எடுத்துக்கோடி கண்ணு."

ஆறு மணிக்குத் திரை கறுத்தது. ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. எங்கள் ஊரில் சாவு கூட நேரத்துக்கு வரும்.

ரைலி எழுந்து காப்பிக் கோப்பைகளைக் கழுவினார். கழுவிய கோப்பையையே மறுபடி மறுபடி கழுவினார். "எஸ்கோ, அவ செத்துட்டான்னு வெச்சுக்கறேன்," என்றார், முதுகைக் காட்டியபடியே. "அதான் சௌகரியம். தேட வேண்டாம்ல." குழாயில் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. போய் மூடினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நவம்பர் முழுவதும் அவர் போனை எடுக்கவில்லை. மாதக் கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"அந்தப் பேரு. குய்க்கா. ஒண்ணாந்தேதி எவன் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னானே."

"ஆமாங்க. நல்ல பேரு, அடிச்சுக்குவாங்க."

"எவனோ ஒருத்தன் என் பொண்ணு பேர வெச்சுக்கிட்டுக் கரடி வெட்டிட்டுத் திரியறத நான் விட மாட்டேன். அவளுக்கு நான் கல்லுதான் நடல, பேராச்சும் மிஞ்சட்டும். நான் எடுக்கப் போறேன். ஒனக்கு விரல் வேகம். வா."

டிசம்பர் முதல் தேதி காலை எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தேன். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் மடிக்கணினியை வைத்தோம். அதுவரை பெயர்ப் பட்டியல் பூட்டித்தான் இருந்தது. ஒன்பது அடித்ததும் பக்கம் திறந்தது. 'குய்க்கா' என்று அடித்துப் பொத்தானை அமுக்கினேன். சிவப்பில் ஒரு வரி வந்தது.

"போச்சா?" என்றார் ரைலி. "எடுத்துட்டானா எவனாச்சும்?"

நான் மறுபடி படித்தேன். பிறகு சத்தமாகப் படித்தேன். "'இந்தப் பெயரைப் பழைய சுவந்தோவில் வைத்திருந்தவரே பதிவு செய்துவிட்டார். நவம்பர் 14.'"

கரண்டி அவர் கையிலிருந்து விழுந்தது. "நீயா?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாத. மறுபடியும் எனக்காகன்னு ஏதாவது செஞ்சே, கொன்னுடுவேன். நீயா?"

"சத்தியமா இல்ல. எங்கிட்ட இருந்தது வீட்டுச் சாவிதாங்க. பேரப் பதியணும்னா அவங்க கடவுச்சொல் வேணும். அது அவங்களத் தவிர யாருக்கும் தெரியாது."

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றைக்கு அவர் நாலு தரம் கேட்டார். நாலு தரமும் இல்லை என்றேன். ஐந்தாவது தரம் கேட்க வாயைத் திறந்தவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினாலாந்தேதி," என்றார். "அப்போ பதினாலாந்தேதி அவ ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கா. விரல் எல்லாம் நல்லா இருக்கு. கண்ணு தெரியுது. கடவுச்சொல் ஞாபகம் இருக்கு." முகத்தை ஏப்ரனில் அழுத்திக்கொண்டார். சமையல்காரர்கள் கட்டும் அந்த வெள்ளைத் துணியில் தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் பசுமாட்டு இடைவெளியையெல்லாம் பார்க்கவில்லை, பக்கத்தில் போய் முதுகில் கை வைத்தேன்.

"வீடு விழப் போவுதுன்னு தெரிஞ்சும் வரல," என்றார். "எனக்கு ஒரு வரி எழுதல. உசுரோட இருக்கா, நான்தான் வேணாம். இல்லியா?"

ஆமாம் என்றுதான் எனக்கும் பட்டது. "புது ஊருக்கு வரப் போறாங்க. அது மட்டும்தாங்க தெரியுது," என்றேன்.

ரைலி மூக்கைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். கெலோவைத்தான் பதிவார் என்று நினைத்தேன். கிழவன் பெயரைப் பதிய நவம்பர்க் கெடு தாண்டிவிட்டது, இருந்தாலும் முயன்று பார்ப்பார் என்று. அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக அடித்தார். ரைலி ஹூத்தினன். முழுப் பெயர், வீட்டு வாசலில் எழுதியிருப்பது போலவே.

"கெழவன் வேணாமா?" என்றேன்.

"வேணாம். வந்தா யாரு நிக்கிறான்னு அவளுக்குத் தெரியட்டும். பிடிக்கலன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகட்டும். மூஞ்சியத் திருப்புறதையாவது பாப்பேன்ல."

பொத்தானை அமுக்கினார். அந்தப் பெயரை வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. உடனே கிடைத்தது.

"எப்ப தொறக்கிறாங்க?"

"இன்னும் ரெண்டு வசந்தம்னு சொன்னாங்க. சொன்னபடி செய்வாங்கன்னு நம்ப முடியாது. மூணு கூட ஆவும்."

"மூணு." விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு எழுந்து, கொதிக்கிற பாத்திரத்திலிருந்து தனக்கென்று ஒரு கிழங்கை எடுத்துத் தட்டில் வைத்தார். உப்பு டப்பாவுக்குப் போன கை பாதியில் நின்றது.

"டாக்டர் உப்பக் குறைக்கச் சொல்லி வருஷக் கணக்காச்சு," என்றார். டப்பாவை மூடி மேல் தட்டில் தள்ளி வைத்தார். "இன்னையிலேர்ந்து குறைக்கிறேன்."